மாத்திரை அலர்ஜிக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூலா? (நீண்ட இழை, பொறுமையாகப் படிங்க)

1/
"டாக்டர், எனக்கு மாத்திரை அலர்ஜி இருக்கு. உடம்புல ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் ஜாஸ்தியானதால தான் வருதாம். ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூல் மூணு மாசம் சாப்பிட்டா சரியாயிடுமா?"

இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள் ஓ.பி.யிலும் இதையே கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில்: ஆகாது.

ஆனால் அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கு. அந்தப் பாதி உண்மையை வைத்துத்தான் கேப்சூல் விற்கிறார்கள். அதனால விளக்கமாகவே சொல்றேன். உங்களைக் காப்பாற்றக் கூடியது எது என்பதையும் சொல்றேன். அதுக்கு பைசா செலவு கிடையாது.

2/
முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பார்க்கணும். மாத்திரை போட்டதும் வரும் தொந்தரவு எல்லாமே அலர்ஜி இல்லை.

டாக்ஸிசைக்ளின் போட்டதும் குமட்டல், சளி மாத்திரை போட்டதும் தூக்கம், அமாக்ஸிசிலின் போட்டதும் வயிற்றுப்போக்கு. இதெல்லாம் பக்க விளைவு.

நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம் அந்த மருந்தை எதிரியாக நினைத்து சண்டைக்குப் போவதுதான் அலர்ஜி. அது இரண்டு வேகத்தில் வரும்.

ஒன்று, நிமிடங்களில். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல், பிரஷர் இறங்குவது.

இன்னொன்று, நாள் கணக்கில், வாரக் கணக்கில். காய்ச்சல், தோலில் சிவப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிவது, மஞ்சள் காமாலை.

ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் பேச்சு வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்.

3/
கம்பெனி பாஷையிலேயே சொல்றேன்.

கல்லீரல் ஒரு பெரிய பிளான்ட். நீங்க முழுங்கும் மாத்திரை அங்கே போய் பல ஸ்டேஷன் தாண்டி, கடைசியில் சிறுநீரில் வெளியேறும்படி மாற்றப்படுகிறது. இந்த லைனில் நடுவில் சில நேரம் ஆபத்தான 'பாதிப் பொருள்' உருவாகும். எதைப் பார்த்தாலும் ஒட்டிக்கொள்ளும் குணம் அதுக்கு.

செப்ட்ரான், பாக்ட்ரிம் என்று நமக்குப் பழக்கமான சல்ஃபா மாத்திரையை எடுத்துக்குங்க. அதிலிருக்கும் சல்ஃபாமெத்தாக்சசோல் கல்லீரலில் முதலில் ஹைட்ராக்ஸிலமைன் என்ற பொருளாகிறது. அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரோசோ என்ற பொருளாகிறது. இந்த நைட்ரோசோ தான் நான் சொன்ன ஒட்டிக்கொள்ளும் ஆசாமி.

4/
ஒவ்வொரு லைனிலும் ரீவொர்க் ஸ்டேஷன் இருக்கும் இல்லையா? உடம்பிலும் இருக்கு. அதன் பெயர் குளுட்டாதயோன். கூடவே வைட்டமின் சி, சில நொதிகள். நைட்ரோசோவைப் பிடித்து மறுபடி ஆபத்தில்லாத பொருளாக மாற்றி அனுப்புவது இவர்கள் வேலை. இதைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் பாதுகாப்பு என்கிறோம்.

ரீவொர்க் தாண்டித் தப்பித்த நைட்ரோசோ நம்ம சொந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். நல்ல பார்ட் மேல் தப்பான ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி. அடுத்து கியூ.சி. வரும். அதுதான் நம்ம டி செல்கள். ஸ்டிக்கரைப் பார்த்து, "இது நம்ம பார்ட் இல்லை" என்று அந்த லாட்டையே ரிஜெக்ட் செய்யும்.

அந்த லாட் உங்க தோலாக இருக்கலாம். கல்லீரலாக இருக்கலாம். கண்ணாக இருக்கலாம்.

5/
குளுட்டாதயோன் என்றதும் பலருக்கு வேற ஞாபகம் வரும். ஆமா, அதே தான். 'தோல் வெள்ளையாகும்' என்று ஊசியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படுகிற அதே பொருள். நம்ம உடம்பே ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தயாரித்துக்கொள்ளும் பொருள் அது.

இப்போ உங்க மனசில் ஓடும் கணக்கு எனக்குப் புரியுது. குளுட்டாதயோன் குறைந்தால் அலர்ஜி வருது. அப்போ அதை வெளியிலிருந்து ஏற்றிவிட்டால் அலர்ஜி வராதே?

நியாயமான கணக்கு. உலகத்தில் பெரிய பெரிய மருத்துவர்களும் இதே கணக்கைப் போட்டார்கள். போட்டுவிட்டு சும்மா இருக்கவில்லை, சோதித்தும் பார்த்தார்கள்.

6/
இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில், 1986-ல். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த வேலை அது. பிறகு தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாக வளர்ந்தது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நுரையீரல் தொற்று வராமல் தடுக்க செப்ட்ரான் வகை மாத்திரையைக் கொடுப்பது உலகம் முழுக்க இருக்கும் வழக்கம். மற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த மாத்திரைக்கு அலர்ஜி பல மடங்கு அதிகமாக வந்தது. இவர்கள் உடம்பில் குளுட்டாதயோன் குறைவாக இருப்பதும் தெரிந்திருந்தது.

அதனால 1990-களில் வெளிநாடுகளில், உடம்பில் குளுட்டாதயோனைக் கூட்டும் என்-அசிடைல் சிஸ்டைனை செப்ட்ரானோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அலர்ஜி குறையவில்லை.

7/
ஏன் குறையல? என் புரிதலில் மூன்று காரணம்.

ஒன்று: வாய் வழியாகப் போடுவது எல்லாம் தேவையான செல்லுக்குள், தேவையான நேரத்தில், தேவையான அளவு போய்ச் சேராது. ரீவொர்க் ஸ்டேஷனில் ஆள் பற்றாக்குறை என்றால் கம்பெனி கேட்டில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதுமா?

இரண்டு: கியூ.சி. ஒரு தடவை ரிஜெக்ட் என்று மனசில் பதித்துவிட்டால் அப்புறம் துளி ஸ்டிக்கர் போதும். ரீவொர்க் எவ்வளவு நல்லா நடந்தாலும் அந்த ஞாபகம் அழியாது.

மூன்று: எல்லா மருந்தும் இந்த வழியில் அலர்ஜி தருவதில்லை. பெனிசிலின் கல்லீரலில் மாறாமலேயே நேரடியாகப் புரதத்தில் ஒட்டும். அங்கே ஆன்டிஆக்ஸிடன்டுக்கு வேலையே இல்லை.

அலர்ஜி வந்தவர் ரத்தத்தில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் கூடியிருப்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி புகை. புகையை விசிறிவிட்டால் நெருப்பு அணையாது.

8/
அப்போ இந்த மருந்தே வேஸ்ட்டா? இல்லை. அதுக்கு உரிய இடத்தில் அது உயிர் காக்கும்.

பாரசிட்டமால் அளவுக்கு மீறிப் போனால் குளுட்டாதயோன் தீர்ந்துபோய் கல்லீரல் கருகும். அங்கே என்-அசிடைல் சிஸ்டைனை முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஆள் பிழைக்கிறார். அது அலர்ஜி இல்லை, நேரடி நஞ்சு. அதனால வேலை செய்யுது.

வேடிக்கை என்னன்னா, அதே மருந்தை ஊசி வழியாக ஏற்றும்போது சிலருக்கு உடம்பு சிவந்து, அரித்து, தடித்துப் போவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு பொருள் சாது ஆகிவிடாது.

9/
இப்போ இன்னொரு கதை. இதுவும் நம்ம பக்கத்துக் கதை.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் செங்கல்பட்டு. அங்கே திருமணியில் இருக்கும் மத்திய தொழுநோய் நிறுவனம் ஒரு காலத்தில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1940-களின் பிற்பகுதியில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அங்கேதான் சல்ஃபோன் வகை மருந்துகளைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்த வகையில் நிலைத்து நின்ற மருந்து டாப்சோன். இன்றுவரை தொழுநோய்க் கூட்டு மருந்தில் அது இருக்கு. கோடிக்கணக்கான மக்களை ஊனத்திலிருந்து காப்பாற்றிய மருந்து.

அதே டாப்சோன், நான் மேலே சொன்ன இரண்டு ஆபத்துக்கும் பாடப்புத்தக உதாரணம்.

10/
முதல் ஆபத்து: நேரடி ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். டாப்சோனின் பாதிப் பொருள் சிவப்பணுவைத் தாக்கும். உதடு, நகம் நீலம் பாயலாம். ரத்த அணு உடைந்து சிறுநீர் கருக்கலாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு இது கடுமையாக வரும். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயினும் இவர்களுக்கு இதையே செய்யும். மலேரியா அதிகமுள்ள மாநிலங்களிலிருந்து நம்ம பக்கம் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் இதைக் கட்டாயம் தெரிஞ்சு வைக்கணும். இது அலர்ஜி இல்லை.

இரண்டாவது ஆபத்து: டாப்சோன் சிண்ட்ரோம். மாத்திரை தொடங்கி ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து காய்ச்சல், தோல் தடிப்பு, நெறி கட்டுதல், மஞ்சள் காமாலை. இதுதான் அலர்ஜி. எல்லாருக்கும் வராது. நூறு பேரில் ஒருவர், இருவர் அளவில் தான் வரும். ஆனால் வந்தவர்களில் சிலர் இறந்தும் போகிறார்கள்.

11/
அந்த ஒருவர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால்?

2013-ல் சீன ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். எச்.எல்.ஏ-பி*13:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத்தான் டாப்சோன் சிண்ட்ரோம் பெரும்பாலும் வருகிறது. இந்த வகை இந்தியர்களிடமும் உண்டு.

அடுத்து அந்த மரபணுவைச் சோதித்து, அது இல்லாத தொழுநோயாளிகளுக்கு மட்டும் டாப்சோன் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாத்திரை சாப்பிட்டார்கள். சிண்ட்ரோம் வந்தவர் ஒருவர்கூட இல்லை.

கவனிச்சீங்களா? 1990-களில் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தார்கள், தடுக்க முடியவில்லை. 2019-ல் ஒரு தகவலைக் கையில் வைத்துக்கொண்டு, ஆகாதவருக்கு அந்த மருந்தைக் கொடுக்காமல் விட்டார்கள், தடுக்க முடிந்தது.

இந்த இழையில் நான் சொல்ல வருவது இதுதான். மருந்து அலர்ஜிக்குப் பாதுகாப்பு தகவல் தான்.

12/
இந்த மரபணுவுக்கும் உங்க லைனுக்கும் ஒரு தொடர்பு இருக்கு.

டிரைக்ளோரோஎத்திலீன். உலோக பார்ட்டில் ஒட்டியிருக்கும் எண்ணெய், கிரீஸை எடுக்கப் பல நாடுகளில் பல காலமாகப் பயன்பட்ட கரைப்பான். சீனாவின் குவாங்டாங் தொழிற்பேட்டைகளில் இதைக் கையாண்ட தொழிலாளர்களில் சிலருக்கு, வேலைக்குச் சேர்ந்த சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கல்லீரல் அழற்சி வந்தது. பார்க்க அச்சு அசலாக மருந்து அலர்ஜி. ஆனால் அவர்கள் எந்த மாத்திரையும் சாப்பிடவில்லை.

அவர்களிடம் 2007-லேயே கண்டுபிடிக்கப்பட்ட மரபணு வகை எது தெரியுமா? அதே எச்.எல்.ஏ-பி*13:01.

உடம்புக்கு, வாய் வழியாக வந்த ரசாயனம், மூச்சு வழியாக வந்த ரசாயனம் என்ற பேதம் இல்லை.

13/
எந்தக் கம்பெனியையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எந்தப் பயமுறுத்தலும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்.

வேலைக்குச் சேர்ந்தோ, புது டிபார்ட்மென்ட் மாறியோ முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால், டாக்டரிடம் "நான் பார்ட் வாஷிங்கில் இருக்கேன்", "பெயின்ட் ஷாப்ல இருக்கேன்" என்று நீங்களே சொல்லுங்க. நாங்க கேட்க மறந்தாலும் சொல்லுங்க.

டிரம்மில் ஒட்டியிருக்கும் லேபிளை ஞாபகம் வைங்க. போபாலுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்த்த பிரிவுகளின் அடிப்படையே, தான் கையாளும் பொருளின் ஆபத்தைத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை என்பதுதான். எம்.எஸ்.டி.எஸ். தாளைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

14/
சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மாத்திரையின் பெயர்.

நைட் ஷிப்ட் முடிஞ்சு தலைவலி, உடம்பு வலி. லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும். ஹாஸ்டலுக்குப் போற வழியில மெடிக்கல் ஷாப். "அண்ணா, காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க."

நாலு அட்டையிலிருந்து ரெண்டு ரெண்டாக வெட்டி, சின்ன பேப்பர் கவரில் போட்டுக் கொடுப்பார். வெட்டின துண்டில் 'மால்' என்று பாதி எழுத்து இருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

இதை நான் வெறும் ஒழுங்கீனமாகப் பார்க்கவில்லை. பஸ் வரும் நேரத்துக்கும் ஷிப்ட் நேரத்துக்கும் நடுவில் கிடைக்கும் பத்து நிமிஷத்தில் இந்த மக்களுக்கு எட்டும் மருத்துவம் அது ஒன்றுதான். ஆனால் அலர்ஜி விஷயத்தில் ஆபத்து தொடங்குவதும் அந்தப் பெயரில்லாத கவரில் தான்.

15/
காஷுவாலிட்டியில் நடப்பது இது. உதடு வீங்கி ஒருத்தர் வருவார்.

"என்ன மாத்திரை போட்டீங்க?"
"வெள்ளை கலர் சார். கொஞ்சம் பெருசா இருக்கும். இன்னொண்ணு மஞ்சள்."
"முன்னாடி எப்பவாவது இப்படி வந்திருக்கா?"
"ஊர்ல ஒருதடவை வந்துச்சு. அப்பவும் வெள்ளை மாத்திரை தான்."

வெள்ளை மாத்திரை ஆயிரம் இருக்கு. அன்றைக்கு அவரைக் காப்பாற்றி விடலாம். அடுத்த தடவை அவர் வேற கடையில், வேற ஊரில் அதே மருந்தை வேற பிராண்டில் வாங்குவார். மருந்து அலர்ஜி பொதுவாக அடுத்த முறை இன்னும் சீக்கிரம் வரும், இன்னும் கடுமையாகவும் வரலாம்.

கியூ.சி.க்கு அந்த மருந்து ஞாபகம் இருக்கு. ஆளுக்குத்தான் அதன் பெயர் தெரியவில்லை.

16/
இன்னொரு அடையாளம் சொல்றேன். நிறைய பேர் கவனிக்காமல் விடுவது.

வயிற்றுப்போக்கு வரும்போதெல்லாம் மாத்திரை போடுவீங்க. ஒவ்வொரு தடவையும் உதட்டில், கையில், இல்லை பிறப்புறுப்பில் அதே இடத்தில் ஒரு வட்டமான தடிப்பு வரும். எரியும், கருக்கும், பல மாதம் கருப்பாகவே நிற்கும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லமாட்டீங்க. பால்வினை நோயோ என்று பயந்து தூக்கம் கெடுப்பவர்களும் உண்டு.

அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் மருந்து அலர்ஜியா என்று முதலில் யோசிக்கணும். பேதிக்குக் கொடுக்கும் நார்ஃப்ளாக்ஸசின்-டினிடசோல் கூட்டு மாத்திரை, செப்ட்ரான், சில வலி மாத்திரைகள் எல்லாம் இதற்குப் பெயர் போனவை. எந்த மாத்திரை என்று கண்டுபிடித்து நிறுத்தினால் பிரச்சனை தீர்ந்தது. கண்டுபிடிக்கப் பெயர் வேணும்.

17/
பிராண்ட் பெயர் மட்டும் தெரிந்தாலும் போதாது.

டைக்ளோஃபெனாக் ஆகாது என்பவருக்கு "இது வேற மாத்திரைப்பா" என்று அசெக்ளோஃபெனாக்-பாரசிட்டமால் கூட்டு மாத்திரை கொடுக்கப்படுகிறது. இரண்டும் நெருங்கின சொந்தம். செப்ட்ரான் ஆகாதவருக்குப் பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் கோ-ட்ரைமாக்சசோல் கொடுக்கப்படுகிறது. அது சொந்தம்கூட இல்லை, அதே ஆள் தான், சட்டை மட்டும் வேற.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பிராண்ட். பக்கத்திலோ கீழேயோ இருக்கும் மருந்துப் பெயர் தான் உங்களுக்கு வேண்டியது.

18/
"டாக்டர், நீங்க சொல்றது படிச்சவங்களுக்கு. ஒடிசாவிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன் மருந்துப் பேரை எப்படிப் படிப்பான்?"

படிக்கவே வேண்டாம். எல்லார் கையிலும் கேமரா போன் இருக்கு. மாத்திரை வாங்கினதும் முழு அட்டையை ஒரு போட்டோ. அவ்வளவுதான். அட்டையை வெட்டும் முன்னாடி, கடைக்காரர் கையில் இருக்கும்போதே எடுத்துடலாம். அஞ்சு நொடி.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். ஒரு விடுதியிலேயே ஒரு டவுன் அளவு ஜனம். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். வாழ்க்கையில் முதல் அலர்ஜியை வீட்டை விட்டுத் தள்ளி, அம்மா பக்கத்தில் இல்லாதபோது சந்திக்கப் போகிறவர்கள். "எங்க பொண்ணுக்கு இந்த ஊசி ஆகாதுங்க" என்று டாக்டரிடம் சொல்ல பக்கத்தில் ஆள் கிடையாது. அந்த வேலையை ஒரு வரி எழுத்து செய்யணும்.

19/
நீங்க செய்ய வேண்டியது. அலர்ஜி வந்திருந்தால் நாலு விஷயம் எழுதி வைங்க:

• மருந்தின் பெயர் (பிராண்ட் இல்லை, உள்ளே இருக்கும் மருந்து)
• எதுக்காகச் சாப்பிட்டீங்க
• போட்டு எவ்வளவு நேரத்தில், எத்தனையாவது நாளில் வந்தது
• என்ன வந்தது. வாந்தியா, தடிப்பா, மூச்சுத் திணறலா, தோல் உரிந்ததா

கடைசி வரி ரொம்ப முக்கியம். வெறும் வாந்தியை அலர்ஜி என்று எழுதி வைத்து, ஆயுசு முழுக்க நல்ல மருந்தை இழப்பவர்களும் உண்டு. பெனிசிலின் அலர்ஜி என்று முத்திரை குத்தப்பட்டவர்களை முறையாகச் சோதித்த வெளிநாட்டு ஆய்வுகளில், பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் அலர்ஜி இல்லை என்று தெரிந்தது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்க. வீட்டிலேயே "ஒண்ணு போட்டுப் பார்ப்போம்" என்று சோதனை வேண்டாம்.

20/
மெடிக்கல் ஷாப் அண்ணன்களுக்கு:

டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துகள் எவை என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் ஆன்டிபயாடிக்கும் இருக்கு. அதைத் தயவுசெய்து சும்மா கொடுக்காதீங்க.

மற்றபடி நீங்க கொடுக்கும் கவரில் மருந்துப் பெயரை ஒரு வரி எழுதிக் கொடுங்க. "எந்த மாத்திரையாவது ஆகாதா?" என்று ஒரு கேள்வி கேளுங்க. இந்தப் பக்கத்து மக்கள் எங்களைவிட உங்களைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு இந்த ஒரு வரி மரியாதை.

21/
என் சக மருத்துவர்களுக்கு:

'டிரக் அலர்ஜி' என்று மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி அனுப்புவது யாருக்கும் பயன்படாது. எந்த மருந்து, என்ன மாதிரி அலர்ஜி, எதையெல்லாம் தவிர்க்கணும் என்று பெரிய எழுத்தில் எழுதுவோம். நோயாளியின் மொழியில் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்வோம். இந்தி தெரிந்த நர்ஸ், ஒடியா தெரிந்த அறைத்தோழர் யாராவது இருப்பார்கள்.

அதோடு, அலர்ஜி வந்தவருக்கு எழுதிக்கொடுக்கும் சீட்டில் பழக்க தோஷத்தில் ஓர் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்சூலைச் சேர்ப்பதை விடுவோம். அந்தக் கேப்சூல் தான் தன்னைக் காப்பாற்றுது என்று அவர் நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கையில் அடுத்த தடவை பெயர் தெரியாத மாத்திரையை தைரியமாகப் போடுகிறார்.

22/
கம்பெனி நிர்வாகங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை:

ஒவ்வொரு தொழிலாளியின் கழுத்திலும் ஐ.டி. கார்டு தொங்குது. பின்பக்கம் பிளட் குரூப் அச்சடிச்சிருக்கீங்க. நல்ல விஷயம். அதுக்குக் கீழே இன்னொரு வரி சேருங்க.

'ஒவ்வாத மருந்து: ________'

உண்மையைச் சொன்னால் காஷுவாலிட்டியில் எங்களுக்கு பிளட் குரூப்பைவிட இந்த வரி அதிகம் உதவும். ரத்தம் ஏற்றும் முன் குரூப்பை நாங்களே மறுபடி சோதித்துவிடுவோம். மயங்கிக் கிடப்பவருக்கு எந்த ஊசி ஆகாது என்பதை எந்த லேப்பும் அந்த நேரத்தில் சொல்லாது.

முதலுதவி அறையில் கொடுக்கும் ஒவ்வொரு மாத்திரையையும் பெயரோடு ரெஜிஸ்டரில் எழுதுவதும் இதோடு சேரட்டும்.

23/
"மருந்துப் பேரை எழுதினா நோய் வெளியே தெரிஞ்சு வேலை போயிடாதா?"

சரியான பயம். தொழுநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் நம்ம சமூகம் கொடுத்த அவமானம் கொஞ்சநஞ்சமல்ல.

அதனால கார்டில் மருந்துப் பெயர் மட்டும் போதும். நோயின் பெயர் கூடாது. செப்ட்ரான் வகை மாத்திரை சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கப்படுவது தான். டாப்சோன் வேறு தோல் நோய்களுக்கும் கொடுக்கப்படுவது தான். மருந்தை வைத்து நோயை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. நிலையைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

அப்படியும் கார்டில் வேண்டாம் என்றால் வேண்டாம். கட்டாயப்படுத்தக் கூடாது. பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு, போன் லாக் ஸ்கிரீனில் ஒரு வரி. எங்கே எழுதணும் என்பது உங்க இஷ்டம். எழுதியிருக்கணும், அவ்வளவுதான்.

24/
இதெல்லாம் வந்தால் காத்திருக்காதீங்க:

• மாத்திரை, ஊசிக்குப் பிறகு உதடு, நாக்கு வீக்கம், மூச்சு இழுப்பு, தலைசுற்றி விழுதல்: உடனே 108. அங்கே உயிர் காக்கும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டு "பார்க்கலாம்" என்று படுக்காதீங்க.

• புது மருந்து தொடங்கி முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சலோடு தடிப்பு, முகம் வீங்குதல், கண் மஞ்சள்: அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பாருங்க. வலிப்பு, காசநோய், தொழுநோய், கவுட் மருந்து சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனம்.

• வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம், தொட்டாலே எரிவது: அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.

25/
நெல்லிக்காய் சாப்பிடுங்க. கொய்யா, முருங்கைக்கீரை சாப்பிடுங்க. உடம்புக்கு ரொம்ப நல்லது. சிகரெட்டை நிறுத்துங்க. முடிந்த அளவு தூங்குங்க. உங்க ரீவொர்க் ஸ்டேஷன் அதிலேயே ஒழுங்காக ஓடும்.

ஆனால் மருந்து அலர்ஜிக்கு என்று மாசா மாசம் கேப்சூலுக்குக் காசு செலவழிக்காதீங்க. அந்தக் காசை ஊருக்கு அனுப்புங்க.

இப்போ இதைப் படித்து முடிச்சதும் ஒரு வேலை. உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ ஆகாத மருந்து இருந்தால் அதன் பெயரைத் தேடிப் பிடித்து எழுதுங்க. பழைய சீட்டு இருந்தால் போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்க. பெயர் தெரியலைன்னா அன்றைக்குப் பார்த்த ஆஸ்பத்திரியில் போய்க் கேளுங்க. அதைக் கேட்டு வாங்குவது உங்க உரிமை.

ஹாஸ்டலில், ரூமில் கூட இருப்பவர்களுக்கும் இந்த இழையைக் காட்டுங்க. தமிழ் தெரியாத தம்பிக்கு வாயால சொல்லுங்க.